மூன்றோடு இரண்டு: ஒரு கினிப் பன்றிக் கூட்டத்தில் புதியவர்களைச் சேர்த்த நிகழ்வு ஆய்வு

எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு குடும்பம் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்கள் வளர்த்த இரண்டு கினிப் பன்றிகள் (பெயரில்தான் பன்றி, முயலைவிடச் சின்னதான கொறிக்கும் பிராணி) எங்களிடம் வந்து சேர்ந்தன. வீட்டில் ஏற்கெனவே மூன்று இருந்தன. ஐந்தும் ஒரே கூண்டில் நிம்மதியாகத் தின்று தூங்க எழுபது நாளுக்கு மேல் ஆனது. நடுவில் ஒரு முயற்சி கெட்டுப்போனது, அது எங்கள் அவசரத்தால் வந்த வினை.

கடையில் கேட்டால், "கூண்டுக்குள்ள விட்டுடுங்க, அதுங்களே பழகிக்கும்" என்பார்கள். அப்படி விட்டு, காது கிழிந்தும் உதடு பிளந்தும் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம், முதல் கீச்சொலி கேட்டதுமே பயந்து பிரித்து, அப்புறம் வாழ்நாள் முழுவதும் இரண்டு கூண்டு வைத்துக்கொண்டு அல்லாடுபவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் இந்த இரண்டாவது வகையில் சேரவிருந்தவர்கள். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்ததால்தான் எங்கே தவறினோம் என்பது பிறகு தெரிந்தது. அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

வீட்டில் இருந்தவர்கள்

நாங்கள் இருப்பது கோவை, வடவள்ளி. பழைய கூட்டத்தில் ஒரு ஆண், இரண்டு பெண். ஆண் முத்து, நாலு வயதை நெருங்குபவன், ஒரு வயதில் காயடிக்கப்பட்டவன். காயடித்த கையோடு ஆணைப் பெண்களிடம் விட்டுவிடக் கூடாது, ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க வேண்டும் என்று அப்போதே மருத்துவர் சொல்லியிருந்தார். அறுவைக்குப் பின்னும் சில வாரங்களுக்குக் கருத்தரிக்க வைக்கும் திறன் மிச்சம் இருக்கும். பெண்களில் மூத்தவள் செவலை, மூன்று வயது, 1,040 கிராம். இளையவள் கருப்பி, இரண்டு வயது, 905 கிராம்.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவி செவலைதான். காலையில் கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால் மூன்றும் கம்பியில் முன்னங்காலை வைத்து நின்று வீல் வீலென்று கத்தும். தழையைப் போட்டதும் செவலை ஒரு எட்டு முன்னால் வருவாள், மற்ற இரண்டும் ஒரு எட்டுப் பின்வாங்கும். கடி, விரட்டு எதுவும் கிடையாது. ஒழுங்கு நிலைத்துவிட்ட கூட்டத்தில் ஆள் யார் என்பது இப்படி ஒரு எட்டில் தெரிந்துவிடும். புதியவர்களைச் சேர்ப்பது என்றால் இந்த ஒழுங்கைக் கலைத்து மறுபடி அடுக்குவது. அதில் சத்தமே வரக் கூடாது என்று எதிர்பார்த்ததுதான் எங்கள் முதல் தப்பு.

புதியவர்கள் வெள்ளச்சி, மிளகு. ஒரே கடையில் குட்டியாக வாங்கியவர்கள், எட்டு மாத வயது. "ரெண்டுமே பொண்ணுதாங்க" என்று கொடுத்தவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். கடையில் சொன்னதை அவர்கள் அப்படியே நம்பியிருந்தார்கள். கினிப் பன்றியில் ஆண் பெண் மாற்றிச் சொல்வது சர்வ சாதாரணம். பெண்ணுக்குப் பிறப்புறுப்பு ஆங்கில ஒய் எழுத்தைப் போலத் தெரியும். ஆணுக்குப் புள்ளி வைத்த சின்ன ஐ எழுத்துப் போல. குட்டியில் இது எளிதில் ஏமாற்றும். ஆண் குட்டி மூன்று வாரத்திலேயே தாயையும் சினைப்படுத்தும் அளவுக்கு வளர்ந்துவிடும், சினைக்காலமோ 59 முதல் 72 நாள் வரை. அதனால் கூண்டைத் திறப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டோம். இரண்டும் பெண்தான், சினையும் இல்லை.

"மூணு போதும், வேணும்னா ஒண்ணை மட்டும் எடுத்துக்கலாம்" என்றார் என் கணவர். இடம் பற்றிய கவலை அவருக்கு. எனக்கு மனம் ஒப்பவில்லை. கினிப் பன்றி துணையில்லாமல் வாழும் பிராணி இல்லை. ஆண்டீஸ் மலையில் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் பழக்கிய காலம்தொட்டு அது கூட்டமாகத்தான் வாழ்கிறது. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் இதைத் தனியாக ஒன்று மட்டும் வளர்க்கச் சட்டமே இடம் தருவதில்லை. ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் நோர்பர்ட் சாக்சரும் அவர் குழுவினரும் கினிப் பன்றிகளின் சமூக வாழ்க்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். பழகிய துணை பக்கத்தில் இருந்தால், புது இடத்தில் விடும்போது கார்ட்டிசால் என்னும் பதற்ற ஹார்மோன் குறைவாகவே ஏறுகிறது என்பது அவர்கள் கண்டது. அக்காவையும் தங்கையையும் பிரித்து ஒன்றை மட்டும் மூன்று அந்நியர்கள் நடுவே விடுவது எவ்வளவு கொடுமை என்று அதைப் படித்தபோது தோன்றியது. இரண்டையும் எடுத்துக்கொண்டோம்.

நாற்பது நாள் தனி அறை

நவம்பர் கடைசி வாரத்தில் வந்தார்கள். மூன்று வாரம் தனி அறையில் வைப்பதாகத்தான் திட்டம். பழையவர்கள் ஹாலில், புதியவர்கள் மாடி அறையில். முதலில் பழையவர்களுக்குத் தீனி, கூண்டு சுத்தம் எல்லாம் முடித்துவிட்டுத்தான் மாடிக்குப் போவேன். மாடிக்கென்று ஒரு பழைய நைட்டி, தனித் துடைப்பம், தனி முறம். வந்ததும் கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவுவேன். "கொழந்தைக்குக்கூட இவ்வளவு பார்க்கலியே கண்ணு" என்றார் அத்தை.

ஆறாம் நாள் காலையில் வெள்ளச்சியை எடைக்குத் தூக்கினேன். தோள்பட்டைக்கு மேல் விரல் பட்டதும் உடம்பை வெட்டிக்கொண்டு கத்தினாள். முடியைப் பிரித்துப் பார்த்தால் தோல் மேல் தவிடு தூவினதுபோல் பொடுகு, நடுவில் முடி கொட்டிய இடம் ஒரு ரூபாய் நாணய அளவு. மருத்துவர் தோலைச் சுரண்டி உருப்பெருக்கியில் பார்த்து, சொறிப்பூச்சி என்றார். ட்ரிக்ஸகாரஸ் கேவியே என்று பெயர், கினிப் பன்றித் தோலைக் குடைந்து வாழும் நுண்ணிய பூச்சி. அரிப்பு முற்றினால் வலிப்பே வரும் அளவுக்கு வதைக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு உடம்பு உரசினாலே தொற்றும்.

அன்றே கூண்டில் விட்டிருந்தால் ஐந்துக்கும் வந்திருக்கும். வலியும் அரிப்புமாக இருக்கும் ஒன்றை முகர்ந்து பார்க்க இன்னொன்று வந்தால் அது கடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கடியைப் பார்த்து நாங்கள், "இது மூர்க்கம், கூட்டத்துக்கு ஆகாது" என்று முடிவு கட்டியிருப்போம். உடம்பு சரியில்லாததைக் குணம் சரியில்லை என்று படிப்பது இந்த விஷயத்தில் அடிக்கடி நடக்கிறது.

பத்து நாள் இடைவெளியில் மூன்று ஐவர்மெக்டின் ஊசி, பூச்சியைக் கொல்லும் மருந்து, இரண்டுக்கும். ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மாட்டுக்கும் நாய்க்கும் வாங்கி வைத்த ஐவர்மெக்டினைக் கணக்குப் போட்டு வீட்டிலேயே கொடுக்காதீர்கள். முக்கால் கிலோ உயிருக்கு ஒரு துளி கூடினாலும் ஆபத்து. அதேபோல, பென்சிலின் வகை மருந்துகள், அமாக்ஸிசிலின் உட்பட, கினிப் பன்றியின் குடலில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து ஆளையே கொன்றுவிடும். அனுபவமில்லாத கையில் இந்தத் தவறு நடக்கிறது. கினிப் பன்றி பார்த்துப் பழகிய மருத்துவரா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு தோல் சுத்தமானது. அதன்பின் இன்னும் பத்து நாள் பொறுத்தோம். ஆக நாற்பது நாள். வந்தபோது 655 கிராம் இருந்த வெள்ளச்சி அதற்குள் 760க்கு வந்துவிட்டாள், மிளகு 810. இந்த எடை ஏறியது எனக்குப் பெரிய ஆறுதல். மெலிந்த உடம்போடு கூட்டத்துக்குள் போகிறவள் முதல் வாரத்திலேயே தோற்றுவிடுவாள்.

கடைசி ஒரு வாரம் துணி மாற்றிப் போட்டோம். பழையவர்கள் படுத்த ஃபிளீஸ் துணியில் ஒரு துண்டு மாடிக்கு, மாடியில் இருந்து ஒன்று ஹாலுக்கு. கருப்பி அந்தத் துணியை முகர்ந்துவிட்டு அதன் மேல் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போனாள். தன் வாசனையை மேலே பூசுகிறாள். முத்து அதன் மேலேயே படுத்துக்கொண்டான்.

முதல் முயற்சி, இருபத்தைந்து நிமிடம்

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு ஞாயிறு. ஹாலில், பழையவர்கள் தினமும் ஓடி விளையாடும் அதே பாயை விரித்தோம். ஒளிந்துகொள்ள இரண்டு மர வீடுகள் வைத்தோம், ஒவ்வொன்றுக்கும் ஒரே வாசல். நடுவில் ஒரு தட்டில் குடைமிளகாயும் வெள்ளரியும். அப்படியே ஐந்தையும் இறக்கிவிட்டோம்.

இப்போது எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் ஒரு தவறு தெரிகிறது. பாய் முழுக்கப் பழையவர்களின் வாசனை, அது அவர்கள் வீடு. புதியவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். ஒற்றை வாசல் வீட்டுக்குள் ஓடி ஒளிந்தவளுக்கு வெளியே வர வழியில்லை, வாசலில் துரத்தியவள் நிற்கிறாள். ஒரே தட்டு என்பதால் தின்ன வந்த ஐந்தும் முகத்தோடு முகம் மோதிக்கொண்டன.

செவலை முதலில் அடித்தொண்டையில் உறும ஆரம்பித்தாள். மோட்டார் ஓடுவதுபோல் ஒரு அதிர்வு, அதோடு இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி மெதுவாக நடப்பாள். எங்கள் வீட்டில் இதற்கு 'மோட்டார் ஓட்டுறது' என்றே பெயர். நான்தான் பெரியவள் என்று சொல்வது அது. அப்புறம் வெள்ளச்சி மேல் ஏறினாள். வெள்ளச்சி ஒற்றை வாசல் வீட்டுக்குள் புகுந்தாள், செவலை பின்னாலேயே போனாள். உள்ளேயிருந்து கத்தி தீட்டுவதுபோல் ஒரு கீச்சொலி.

"ஐயோ, கடிச்சுக் கொன்னுரும்போல இருக்குதே கண்ணு. பிரிச்சு உடு, பிரிச்சு உடு" என்றார் அத்தை.

"சரிங்க அத்தை" என்று நானும் கையை விட்டு வெள்ளச்சியைத் தூக்கிவிட்டேன். உடம்பெங்கும் தேடிப் பார்த்தோம். ஒரு கீறல்கூட இல்லை. இருந்தும் மறுபடி இறக்கிவிட எங்களுக்குத் தைரியம் வரவில்லை. இருவரையும் மாடிக்குக் கொண்டுபோய்விட்டோம்.

பாதியில் பிரித்ததால் என்ன ஆனது என்றால், இரண்டு பக்கமும் பேச்சு முடியவில்லை. செவலையைப் பொறுத்தவரை அவள் விரட்டினாள், எதிரி மறைந்துவிட்டாள், ஜெயித்தாயிற்று. மறுநாளிலிருந்து மாடியில் புதியவர்கள் கத்தும் சத்தம் கேட்டாலே ஹாலில் செவலை பல்லை நறநறவெனக் கடித்தாள். அதுவரை செய்யாதது. பல் கடிப்பது உறுமலைப் போல இல்லை, கிட்டே வராதே என்ற நேரடி மிரட்டல். கீச்சொலியைச் சண்டை என்று எடுத்துக்கொண்டது எங்கள் தவறு. கீச்சொலி பெரும்பாலும் சரணடைகிறவள் போடும் சத்தம், "சரி, நீதான் பெரியவள், விடு" என்பது. அந்த வார்த்தையை வெள்ளச்சி சொன்ன அந்த நொடியில் நான் அவளைத் தூக்கிவிட்டேன்.

நடுவில் வந்த ஆலோசனைகளில் இரண்டை மறுக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே வாசனை வரட்டும் என்று மூக்குப் பக்கம் தைலம் தடவச் சொன்னார் ஒருவர். ஐந்தையும் ஒன்றாகக் குளிப்பாட்டினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்றார் இன்னொருவர். முகர்ந்து பார்த்துத்தான் அவை ஒன்றையொன்று அறிகின்றன, அந்த மூக்கை அடைத்துவிட்டு எதை அறிமுகப்படுத்துவது? குளியலில் ஒட்டிக்கொள்வது நடுக்கத்தினால், நட்பினால் இல்லை. ஈரம் காய்ந்ததும் பழைய சண்டை அப்படியே நிற்கும்.

காணும் பொங்கல் அன்று

பத்துப் பன்னிரண்டு நாள் விட்டோம். பொங்கல் விடுமுறை, எல்லாரும் வீட்டில், தை மாதக் குளிர்ச்சி. இந்தக் குளிர்ச்சி முக்கியம். கினிப் பன்றிக்கு வியர்க்காது. முப்பது டிகிரியைத் தொடும் வெயிலில் சும்மா இருந்தாலே மூச்சு வாங்கும், அந்தச் சூட்டில் துரத்தலும் ஓட்டமும் சேர்ந்தால் வெப்பத்தாக்கு வந்து விழுந்துவிடும். சித்திரை வைகாசியில் அறிமுகம் செய்ய நினைப்பவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடுங்கள்.

இந்தத் தடவை இடம் அண்ணன் மகன் படிக்கும் அறை. ஐந்தில் ஒன்றுகூட அதுவரை கால் வைக்காத தரை. துடைத்துக் காயவைத்து, துவைத்த பெட்ஷீட் விரித்து, ஆறடிக்கு எட்டடி இடத்தை அட்டையால் அடைத்தோம். ஒளிய வீடு எதுவும் இல்லை. அட்டைப் பெட்டிகளின் இரண்டு பக்கமும் வெட்டிக் குகைபோல் மூன்று வைத்தோம், ஒரு பக்கம் நுழைந்தால் மறுபக்கம் வெளியே வரலாம். உலர்புல் ஆறு குவியல், ஐந்து பேருக்கு ஒன்று கூட. தழையைத் தட்டில் வைக்காமல் தரை முழுக்கத் தூவிவிட்டோம். கையில் ஒரு தடித்த துண்டு. சண்டை மூண்டால் வெறுங்கையை நடுவில் நீட்டக் கூடாது, பல் எலும்பு வரை இறங்கும். துண்டைப் போர்த்தித்தான் பிரிக்க வேண்டும்.

காலை ஒன்பதரைக்கு விட்டோம். முதல் கால் மணி எல்லாம் தின்னத் தொடங்கிவிட்டன, ஒன்றையொன்று பார்க்காததுபோல. பத்து மணிக்குச் செவலை மோட்டாரைக் கிளப்பினாள். வெள்ளச்சி மேல் ஏறினாள். முத்து பின்னால் போய் அவள் பின்பக்கத்தை முகர்ந்தான். வெள்ளச்சி பின்பக்கமாகச் சிறுநீரைப் பீய்ச்சினாள், அது நேராக முத்துவின் முகத்தில். பெண்கள் தங்களுக்குப் பிடிக்காததை இப்படித்தான் சொல்வார்கள். முத்து முகத்தைத் துடைத்துவிட்டு வேறு குவியலுக்குப் போனான்.

பத்தே முக்காலுக்கு அதே கீச்சொலி. அத்தை நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க அத்தை. ரத்தம் வரலைங்க. இப்ப அவ என்ன பண்றான்னு மட்டும் பாருங்க" என்றேன்.

வெள்ளச்சி குகைக்குள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, அடுத்த குவியலில் தலையை விட்டுத் தின்ன ஆரம்பித்தாள். செவலை பின்தொடரவில்லை. "அட, சோறு திங்குது பாரு" என்று அத்தை உட்கார்ந்தார். அன்று முழுக்க எங்களுக்கு அளவுகோல் அதுதான். விரட்டப்பட்டவள் ஒரு நிமிடத்தில் தின்னத் திரும்புகிறாளா? திரும்பினால் கையைக் கட்டிக்கொண்டு இரு.

ஒரே ஒரு முறைதான் துண்டு தேவைப்பட்டது, நான் எதிர்பார்க்காத இடத்தில். பன்னிரண்டரைக்குக் கருப்பியும் மிளகும் நேருக்கு நேர் நின்றார்கள். இருவரும் தலையை மேலே மேலே உயர்த்தினார்கள், முகவாய் கூரையைப் பார்க்கும் அளவுக்கு. யார் முதலில் தலையைத் தாழ்த்துகிறாரோ அவர் சின்னவர். இருவருமே தாழ்த்தவில்லை. பல் கடிக்கும் சத்தம் ஏறியது, கருப்பியின் பிடரிமுடி சிலிர்த்து உடம்பு இரட்டிப்பானதுபோல் தெரிந்தது. பாய்ந்தார்கள். ஒரே உருண்டையாகப் புரண்டார்கள். துண்டை எறிந்து, நடுவில் அட்டையை இறக்கினோம். மிளகின் மேலுதட்டில் அரிசி அளவு வெட்டு, உப்புநீரால் துடைத்தோம். இந்த இடத்தில் வெளியே எடுத்துவிடாமல், அதே அறைக்குள் அட்டைக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கமாகப் பத்து நிமிடம் வைத்து, மூச்சு சீரானதும் அட்டையை எடுத்தோம். மறுபடி தலை உயர்த்தினார்கள். இந்த முறை மிளகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுபடியும் உருண்டிருந்தாலோ ஆழமான காயம் பட்டிருந்தாலோ அன்றோடு நிறுத்தியிருப்போம், அந்த இருவரை ஒரே கூண்டில் வைக்கும் எண்ணத்தையே விட்டிருப்போம்.

மிளகு ஏன் அப்படி நின்றாள் என்று பின்னால் யோசித்தேன். சாக்சர் குழுவின் இன்னொரு முடிவு நினைவுக்கு வந்தது. பெரிய ஆண்கள் உள்ள கூட்டத்தில் வளர்ந்த ஆண்கள், பின்னாளில் அந்நிய ஆண்களோடு விட்டாலும் பெரிய சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன. அப்படி வளராதவை முட்டி மோதுகின்றன, பதற்ற ஹார்மோன் எகிறுகிறது. அது ஆண்களை வைத்துச் செய்த ஆய்வு, பெண்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் குட்டியிலிருந்து தங்கை ஒருத்தியோடு மட்டும் வளர்ந்து, பெரியவர் முன் தலையைத் தாழ்த்தியே பழகாத ஒருத்தி எட்டு மாதத்தில் முதன்முதலாக அதைக் கற்றுக்கொண்டாள் என்றுதான் எனக்குப் படுகிறது.

ஒன்றே முக்காலுக்கு நடந்ததை நான் மறக்க மாட்டேன். வெள்ளச்சி நீளமான ஒரு கொத்தமல்லித் தண்டைக் கடைவாயில் வைத்து மென்றுகொண்டிருந்தாள், தண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. செவலை எதிரே வந்து மறுமுனையைப் பல்லால் பிடித்தாள். இழுத்தாள். வெள்ளச்சி வாயை லேசாகத் திறந்து தண்டை விட்டுக்கொடுத்தாள். ஓடவில்லை, கத்தவில்லை. அங்கேயே குனிந்து இன்னொரு தண்டை எடுத்தாள். இரண்டும் மூக்குக்கு மூக்கு ஒரு சாண் இடைவெளியில் நின்று மென்றன. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மாலை நாலு மணிக்கு முத்துவும் வெள்ளச்சியும் ஒரே புல் குவியலில் படுத்திருந்தார்கள். காயடித்த ஆண் ஒருவன் இருப்பது பெண்கள் கூட்டத்தைப் பல நேரம் அமைதிப்படுத்துகிறது என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது பலித்தது.

கூண்டும் தராசும்

இருட்டுவதற்குள் கூண்டுக்கு மாற்ற வேண்டும். பழைய கூண்டு ஐந்தடிக்கு இரண்டரையடி, பன்னிரண்டரை சதுர அடி. கம்பி வலைச் சதுரங்களைக் கூட்டி எட்டடிக்கு நீட்டியிருந்தோம், இப்போது இருபது சதுர அடி. இரண்டு கினிப் பன்றிக்கே ஏழரைச் சதுர அடியாவது வேண்டும் என்பது வளர்ப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மாடி வைத்துக் கட்டினால் அது இடக் கணக்கில் சேராது, அவை தரையில் ஓடுகிறவை. கூண்டு முழுவதையும் வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, துணி எல்லாம் புதிதாகப் போட்டு, மூலைக்கு மூலை பொருட்களை இடம் மாற்றி வைத்தோம். பழையவர்களுக்கும் அது புது வீடாகத் தெரிய வேண்டும். அன்று இரவு கூண்டுக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். இரண்டு மணி வரை துரத்தல் ஓயவில்லை, பிறகு அடங்கியது.

இங்கே வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது இரண்டாவது பெரிய தவறாகியிருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு, தீனிக்கு முன், சமையலறை டிஜிட்டல் தராசில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்து ஐந்தையும் எடை போட்டேன். அறிமுக நாளில் வெள்ளச்சி 780 கிராம். மூன்றாம் நாள் 752. ஆறாம் நாள் 738. நாற்பத்திரண்டு கிராம், உடம்பில் ஐந்து சதவீதத்துக்கு மேல். பகலில் பார்த்தால் நன்றாகத்தான் தின்றாள், காயமும் இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, தராசுக்குத் தெரிந்தது.

பழைய கைபேசி ஒன்றைக் கூண்டு மேல் கட்டி இரவெல்லாம் படம் பிடித்தோம். இரவு பதினொன்றிலிருந்து காலை நாலு வரை, வெள்ளச்சி புல் தொட்டிக்குப் போகும்போதெல்லாம் கருப்பி வந்து நடுவில் நிற்கிறாள். கடிக்கவில்லை, உறுமவில்லை. சும்மா குறுக்கே நிற்கிறாள். வெள்ளச்சி திரும்பிப் போய்விடுகிறாள். முதல் நாளின் அத்தனை கீச்சொலியைவிட இந்தச் சத்தமில்லாத மறியல்தான் ஆபத்தானது. கினிப் பன்றியின் குடல் நிற்காமல் ஓட வேண்டும், ஒரு நாள் புல் சரியாக உள்ளே போகவில்லை என்றாலே குடல் மந்தமாகி உயிருக்கு ஆபத்தாகும்.

மாற்று எளிதாக இருந்தது. இரண்டு புல் தொட்டியை நாலாக்கினோம், ஒன்று வெள்ளச்சி படுக்கும் மூலைக்கு அருகிலேயே. தண்ணீர்ப் புட்டி மூன்று. கருப்பி ஒருத்தி நாலு இடத்தை மறிக்க முடியாது. பத்தாம் நாள் 761. இருபத்தோராம் நாள் 802.

பன்னிரண்டாம் நாள் ஒரு கலவரம். செவலை அதிகாலையிலிருந்து மோட்டார் ஓட்டிக்கொண்டு எல்லார் மேலும் ஏறினாள், முத்துவைக்கூட விடவில்லை. சேர்க்கை குலைந்துவிட்டது என்றே பயந்தேன். மறுநாள் மாலைக்குள் அடங்கிவிட்டது. இருபத்தெட்டாம் நாள் அதே ஆட்டம். இரண்டுக்கும் இடையே பதினாறு நாள். பெண் கினிப் பன்றிக்குப் பருவம் பதினைந்து முதல் பதினேழு நாளுக்கு ஒருமுறை வரும். நோட்டில் தேதி இல்லாமல் இருந்திருந்தால் பன்னிரண்டாம் நாளே பிரித்திருப்போம்.

இப்போது மூன்றாம் மாதம். எடை வாரம் ஒரு முறைதான் பார்க்கிறேன். கடைசியாக வெள்ளச்சி 846, மிளகு 880. வரிசையில் செவலை, கருப்பி, மிளகு, முத்து, கடைசியில் வெள்ளச்சி. கடைசியில் இருப்பது அவளை வருத்துவதாகத் தெரியவில்லை. அறிமுக நாளிலிருந்து இருபது நாள் கழித்து ஒரு மாலையில் பொரி வெடிப்பதுபோல் நின்ற இடத்திலேயே துள்ளினாள், அதன்பிறகு தினமும் துள்ளுகிறாள். கருப்பியும் மிளகும் மட்டும் இன்னும் சேர்ந்து படுப்பதில்லை. ஒரே குவியலில் தின்பார்கள், தூங்கும் நேரத்தில் ஒருத்தி இந்த மூலை, ஒருத்தி அந்த மூலை. அப்படியே இருக்கட்டும் என்று இருபது சதுர அடியில் அவர்கள் இருவருக்கும் எதிரெதிர் மூலையில் தனித்தனியாகத் துணி விரித்து வைத்திருக்கிறோம்.